கேட்காமல் திறந்த கதவு

குருவுக்கு எட்டாம் மாதம். சீடருக்கு ஐம்பத்து மூன்று வயது. இருவருக்கும் முதுகுவலி.

இப்படியும் ஒரு குருகுலம் உண்டா என்றால், உண்டு. பால் ஒன்றியத்தின் தலைமை அலுவலகத்தில், மொட்டை மாடிக்கு ஒரு தளம் கீழே, வெயில் முதலில் வந்து கடைசியில் கிளம்புகிற அறை அது. சுவரில் ஏ.சி. இருந்தது. அது ஓடிப் பார்த்தவர் யாரும் இப்போது பணியில் இல்லை. கவிழ்த்துப் போட்ட பழைய பால் கேன்மீது வீங்கிய கால்களைத் தூக்கி வைத்தபடி குரு உட்கார்ந்திருப்பாள். பெயர் ஜெபசெல்வி, திருநெல்வேலிப் பக்கம். இடுப்புக்குத் தலையணை கொடுத்து எதிரே உட்கார்ந்திருப்பவர் நாச்சிமுத்து, காங்கயம் பக்கம். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை அம்மணி என்பார். குரு, சீடர் என்பதெல்லாம் கீழே கணக்குப் பிரிவில் வைத்த கேலிப் பெயர்கள். நாச்சிமுத்து படியேறும்போது தட்சணைக்கு வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டாரா என்று தவறாமல் விசாரிப்பார்கள்.

நாச்சிமுத்து பாதி ஆயுளைப் பால் லாரியின் பின்பக்கத்தில் கழித்தவர். கேன் தூக்கித் தூக்கி இடுப்பில் ஒரு வட்டு நழுவிவிட்டது. இன்னொரு மழைக்காலம் லாரியில் ஏறினால் அப்புறம் நடை கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்றியத்தின் பொது மேலாளர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். ஜெபசெல்வி பிரசவத்துக்குப் போகிற வரைக்கும் கூட இருந்து வேலையைக் கற்றுக்கொள்ளலாம். இந்த வேலைக்கு ஆள் ஆகும் என்று அவள் சொன்னால் அந்த நாற்காலி அவருக்கு. ஆகாது என்றால் மறுபடி லாரி.

சனிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள். அவள் இன்னும் ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை.

வேலை பார்வைக்குச் சின்னதுதான். சுற்றுப்பட்ட ஊர்களில் ஒன்றியத்துக்குப் பால் குளிரூட்டும் நிலையங்கள் இருந்தன. நிலையத்துக்கு ஒரு பெரிய டேங்க், அதைக் கவனிக்க ஒரு கம்ப்யூட்டர். மாடியறையில் கறுப்புத் திரையைத் திறந்து ஊர்ப் பெயரை அடித்தால் அந்த ஊர்க் கம்ப்யூட்டருக்குள் போய்விடலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே டேங்கைக் குளிர வைக்கலாம், கழுவி விடலாம். ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டு எழுத்துகளையும் சேர்க்கலாம். அதற்கு ஆப்ஷன் என்று பெயர். மைனஸ் எல் போட்டால் யார் பெயரில் உள்ளே போகிறோம் என்று சொல்லியாகும். மைனஸ் பி போட்டால் எந்த வாசல் வழியாக என்று. மைனஸ் வி போட்டாலோ, போகிற வழி நெடுக அது வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போகும்.

முதல் வாரம் மைனஸ் வி போட்டு, திரையில் ஓடுகிற ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள் ஜெபசெல்வி. அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். வாசலைத் தட்டுகிறேன். திறந்தது. எதிரில் இருப்பவர் தம் அடையாளத்தைக் காட்டுகிறார். எனக்குத் தெரிந்தவர்தான். இந்தச் சாவியை நீட்டுகிறேன், அவர் ஏற்கவில்லை. அடுத்த சாவி.

"இத்தனை பேச்சுங்களா அம்மணி, ஒரு டேங்கைக் கழுவறதுக்கு?"

"மைனஸ் க்யூ போட்டா சத்தம் இருக்காது."

"அப்பப் பேசாதுங்களா?"

"நம்ம காதுக்கு வராது," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மின்விசிறி கிரீச்சிட்டுச் சுற்றியது. அவள் தூங்கிவிட்டாளா, பாடம் முடிந்ததா என்று தெரியாமல் நாச்சிமுத்து கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டேங்கைக் கழுவுவதென்றால் முதலில் அடிவால்வு திறக்கும். உள்ளே இருப்பது சாக்கடைக்குப் போகும். பிறகுதான் சோடாக்காரம் கலந்த வெந்நீர் பாயும். ஆகவே லாரி வந்து பாலை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் கழுவ வேண்டும். லாரி போய்விட்டதா என்பதைத் திரையே காட்டும். ஆனாலும் ஜெபசெல்வி கழுவும் முன் அந்த ஊருக்கு ஒரு போன் போடுவாள். நாச்சிமுத்துக்கு இது பெண்டுகள் ஊர்க்கதை பேசுகிற சாக்கு என்றே பட்டது. அதிலும் கள்ளிமேட்டு நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் மரகதம் போனை எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

யார் பேசுவது என்று ஜெபசெல்வி கேட்பாள். கள்ளிமேட்டு மகாராணி பேசுகிறேன் என்று பதில் வரும். எந்த ஊர் என்று கேட்பாள். இப்பத்தானே சொன்னேன், காது கோயமுத்தூருக்குப் போயிருக்கிறதா என்று வரும். டேங்கில் என்ன இருக்கிறது என்று கேட்பாள். பன்னீர் என்று வரும். அப்புறம் இருவரும் சிரித்து, வயிற்றுப்பிள்ளை உதைக்கிறதா, மாங்காய் கேட்கிறதா என்று பேசி முடித்த பிறகுதான் லாரி போன செய்தி வரும். அதற்கப்புறம்தான் ஜெபசெல்வியின் விரல் விசைப்பலகையைத் தொடும். தினமும் இதே மூன்று கேள்வி. ஒரே ஆளிடம்.

உள்ளே போகிற புரோகிராமும் அவளை மாதிரியேதான் இருந்தது. இடி இறங்கி ஏதாவதொரு நிலையத்தில் கம்ப்யூட்டரை மாற்றினால், அடுத்த முறை போகும்போது வாசலிலேயே மறிக்கும். இவர் எனக்குத் தெரிந்தவர் இல்லை, இவருடைய கைரேகை வேறு, தொடரலாமா என்று கேட்கும். அந்தச் சித்திரையில் இடி தினமும் இறங்கியது. நாச்சிமுத்துக்கு அலுத்துவிட்டது. ஒரு மத்தியானம், இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கும்போது, கேட்டேவிட்டார்.

"கேள்வி கேக்காம உள்ள விடற ஆப்ஷன் எதுங்க அம்மணி?"

ஜெபசெல்வி குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அவர் தலையணையை ஒதுக்கி மெதுவாக எழுந்து போய் ஒரு சொம்பில் கொண்டுவந்தார். அவள் அதை மோந்து பார்த்தாள். எழுந்து ஜன்னலோரத்துச் செடித் தொட்டியில் ஊற்றிவிட்டு, வெறும் சொம்பை அவரிடம் நீட்டினாள்.

மாடிப்படி ஓரம் இரண்டு குடம் இருக்கும். ஒன்று குடிக்க, ஒன்று தரை துடைக்க. எதில் மொண்டார் என்று அவருக்கே தெரியவில்லை. மறுபடி போய்க் குடிதண்ணீர்க் குடத்தில் மொண்டு வந்தார். அவள் குடித்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. மாசமாக இருக்கிற பொண்ணு, ஏதோ மசக்கை என்று நினைத்துக்கொண்டார்.

பதிலை எங்கோ ஒரு புண்ணியவான் இணையத்தில் எழுதி வைத்திருந்தான். மூன்று ஆப்ஷன். முதலாவது, ஆளை அடையாளம் பார்க்காதே. இரண்டாவது, பழைய ஆளை நினைவில் வைத்துக்கொள்ளாதே. மூன்றாவது மைனஸ் க்யூ, வாயைத் திறக்காதே. நாச்சிமுத்து மூன்றையும் ஒரே வரியில் கோத்து, அதற்கு ஒரு சுருக்கப் பெயரும் வைத்துக்கொண்டார். அதை அடித்து, பக்கத்தில் ஊர்ப் பெயரை அடித்தால் போதும். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றின மாதிரி உள்ளே போய்விடலாம். லாரியிலிருந்து இறங்கியபின் முதன்முறையாக, இந்த வேலை தனக்குக் கைவரும் என்று தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை சொல்லி அசத்தலாம் என்று வைத்திருந்தார்.

புதன்கிழமை காலை ஜெபசெல்வி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஊத்துப்பாறை டேங்கைக் கழுவ வேண்டிய நேரம். அந்த ஊர்ப் பாலை ஏற்றி வந்தாயிற்று என்று லாரி ஓட்டுநரே காலையில் அலுவலக வாசலில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இதற்கு மேல் போன் எதற்கு? நாச்சிமுத்து தன் சுருக்க வரியை அடித்தார். ஊத்துப்பாறை என்று அடித்தார். கதவு கேட்காமல் திறந்தது. கழுவச் சொல்லிவிட்டு முதுகை நாற்காலியில் சாய்த்தார்.

டீ ஆறுவதற்குள் போன் அடித்தது. மரகதம்.

அவளிடம் மகாராணி இல்லை, பன்னீரும் இல்லை. கள்ளிமேட்டு டேங்க் தானாகத் திறந்துகொண்டது, பால் போகிறது, கையால் வால்வை மூட முயல்கிறேன், அங்கிருந்து எதையாவது நிறுத்துங்கள் என்றாள். நான் கள்ளிமேட்டைத் தொடவே இல்லை, ஊத்துப்பாறையைத்தான் தொட்டேன் என்று நாச்சிமுத்து இரண்டு தடவை சொன்னார். அதற்குள் எதிர்முனையில் தடதடவென்று ஓடும் சத்தம்தான் கேட்டது.

வால்வை மரகதம் மூடிவிட்டாள். ஆனால் அதற்குள் கள்ளிமேட்டு ஜனம் காலையில் கறந்து ஊற்றிய பாலில் பாதிக்கு மேல் சாக்கடையில் வெள்ளையாக ஓடிவிட்டது.

ஜெபசெல்வி வந்தாள். கேன்மீது காலைத் தூக்கி வைத்தாள். மூச்சு வாங்கி முடிந்ததும், என்ன அடித்தாரோ அதையே மறுபடி அடித்துக் காட்டச் சொன்னாள். அவர் காட்டினார். அந்தச் சுருக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அதையும் காட்டினார். அவள் மூன்று ஆப்ஷனையும் ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, வெறும் ஊர்ப் பெயரை மட்டும் அடித்தாள்.

திரை நிறைய எச்சரிக்கை வந்து நின்றது. படியுங்கள் என்று கையைக் காட்டினாள். அவர் படித்தார். ஊத்துப்பாறை என்ற பெயரில் இதுவரை பேசியவர் இவர் இல்லை. ஆள் மாறியிருக்கிறது. உள்ளே போகாதே.

அவள் நிலையங்களுக்கு இணைப்புக் கம்பி போடும் லைன்காரர்களுக்குப் போன் செய்தாள். இரவு இடியில் போன லைனைக் காலையில் சரிசெய்தபோது இரண்டு ஊர்களையும் மாற்றிக் கட்டிவிட்டார்களாம். ஊத்துப்பாறைக் கதவைத் தட்டினால் கள்ளிமேடு திறந்திருக்கிறது.

"காலையிலயும் இது இப்படிச் சொல்லியிருக்குமுங்களா?"

"சொல்லிச்சு, அண்ணாச்சி."

பொது மேலாளர் கீழிருந்து கூப்பிட்டார். ஜெபசெல்வி போனைக் காதில் வைத்துக்கொண்டு ம், ம் என்று மட்டும் சொன்னாள். எதிர்முனைக் கத்தல் அறை முழுக்கக் கேட்டது. லாரி என்ற சொல் இரண்டு தடவை வந்தது. சனிக்கிழமை சொல்கிறேன் சார் என்று வைத்துவிட்டாள்.

நாச்சிமுத்து எழுந்து நின்றார். "நாலு வார்த்தை வையுங்க அம்மணி. வாங்கிக்கறனுங்க."

"கள்ளிமேட்டுக்குப் போயிட்டு வாங்க."

"கம்ப்யூட்டர்லீங்களா?"

"பஸ்ல."

மறுநாள் பஸ் ஏறினார். ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் வந்து இறங்கியது. நிலையத்து வாசலில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். நான்தான் செய்தேன், தெரியாமல் செய்தேன், லைன் மாறிவிட்டது. மூன்றும் உண்மைதான். சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் மட்டும் பொய் மாதிரி இருந்தது.

நிலையத்துக் கேட் திறந்து கிடந்தது. வெளியே வேப்பமர நிழலில், அங்கே பால் ஊற்றும் பெண்கள் சிலர் வெறும் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றியத்தின் நீலச் சட்டையைப் பார்த்ததும் ஒருத்தி காலை மடக்கி வழிவிட்டாள். யார் என்று கேட்கவில்லை. காவலாளி தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கவிழ்ந்துகொண்டார். நாய் வாலை ஆட்டியது. நாச்சிமுத்து நேரே டேங்க் பக்கம் போனார். அடிவால்வின் கைப்பிடி அவர் முழங்கால் உயரத்தில் இருந்தது. குனிந்து அதைப் பிடித்தார். கை சில்லிட்டது. அப்போதும் யாரும் கேட்கவில்லை. ஒரு திருகு திருகினால் இன்றைக்கு ஊற்றிய பாலும் போகும்.

கையை எடுத்துக்கொண்டார். 

மரகதம் உள்ளறையிலிருந்து வந்தாள். கள்ளிமேட்டு மகாராணியை இப்போதுதான் முதன்முதலாக நேரில் பார்க்கிறார். குரலுக்கு இருந்த உயரம் ஆளுக்கு இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். நீலச் சட்டையைப் பார்த்தாள், இடுப்பைத் தாங்கி நிற்கிற நிற்பைப் பார்த்தாள்.

"வாங்க. உக்காருங்க."

அவ்வளவுதான். உள்ளே போய் இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள். கடுங்காப்பி. டேங்க் நிறையப் பால் இருக்கிற இடத்தில் கடுங்காப்பி. வெளியே உட்கார்ந்திருக்கிறவர்கள் கண்ணெதிரே இந்தப் பாலில் ஒரு சொட்டு எடுக்கக் கை வரவில்லை என்றாள்.  நேற்று என்ன நடந்தது, யார் செய்தது என்று ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடலாம். அவர் காத்திருந்தார். காப்பி தீர்ந்தது.

"நாந்தானுங்க."

"தெரியுமுங்க."

"அம்மணி சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. அந்தப் பொண்ணு கையா இருந்தா மொதல்ல போனு வந்திருக்கும்." டம்ளர்களை எடுத்துக்கொண்டாள். "வெளிய இருக்கறவங்க பாலு எப்படிப் போச்சுன்னு நேத்திருந்து எங்கிட்டக் கேக்கறாங்க. நா என்னத்தச் சொல்லட்டும்?"

நாச்சிமுத்து எழுந்து வேப்பமரத்தடிக்குப் போனார். அங்கே என்ன சொன்னார் என்பதை அவர் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி முடிக்க நேரமாயிற்று. கடைசி பஸ்ஸில்தான் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை காலை ஜெபசெல்வி கேட்டாள். "உள்ள போக என்ன ஆப்ஷன் போட்டீங்க?"

"ஒண்ணும் போடலீங்க. என்னைய யாருமே கேக்கலீங்க, அம்மணி."

  அவள் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன் கறுப்புத் திரையைத் திறந்து அந்தச் சுருக்க வரியை அழித்தார். என்னை லாரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். நாளைக்கு நேரத்தோடு வாருங்கள் என்று முந்திக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் பையில் தன் பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். டிபன் டப்பா, கைவிசிறி, ஒரு பழைய சால்வை. செருப்புக்குள் கால் நுழையவில்லை. வாரை அவிழ்த்துவிட்டு மறுபடி முயன்றாள். ஆகுமா ஆகாதா என்று நாச்சிமுத்து கேட்கவில்லை. கேட்க உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

போன் அடித்தது. அவளுக்கு எழுந்திருக்க ஆயாசமாக இருந்தது. நீங்களே எடுங்கள் என்று கையைக் காட்டினாள்.

"நாச்சிமுத்தா? டேங்கைப் பார்க்க வடக்கேயிருந்து ஆட்கள் வந்துட்டிருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல அங்க இருப்பாங்க. உடனே கழுவி விடு. பளபளன்னு இருக்கணும்."

நாச்சிமுத்து விசைப்பலகைமேல் கையை வைத்தார். எடுத்தார்.

"யாருங்க பேசறது?"

 "யாரா? என் குரல் தெரியலையாய்யா உனக்கு?"

"கேட்ட மாதிரிதானுங்க இருக்குது. பேரைச் சொல்லுங்க."

"பொது மேலாளர்யா. ஜி.எம்."

"சரிங்க. எந்த ஊரு டேங்குங்க?"

"ஊத்துப்பாறை. இல்ல, கள்ளி... அட, ஆட்கள் வர்ற ஊருய்யா!"

"ஊரைச் சொன்னீங்கன்னா, உள்ள பால் இருக்குதான்னு அங்கயே ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கழுவறனுங்க."

 இடுப்பு வலித்தது. லாரியின் பின்பலகை கண்முன் வந்து நின்றது. ஆனாலும் விசைப்பலகையைத் தொடவில்லை. போனை அந்தப் பொண்ணிடம் கொடு என்றது எதிர்முனை. கொடுத்தார்.

ஜெபசெல்வி ஒரு செருப்போடு நின்றபடி கேட்டாள். எதிர்முனையில் பேசுவது காதில் வைக்காமலேயே அறை முழுக்கக் கேட்டது. என்ன ஆள் இவன், என்னையே யாரென்று கேட்கிறான். பாலைக் கொட்டினவனுக்கு இந்த வாயா? இவனை நம்பியா நாற்காலியை விட்டுட்டுப் போற? ஆகுமா ஆகாதா, ஒரே வார்த்தையில் இப்பவே சொல்லு.

நாச்சிமுத்து ஜன்னலோரத்துச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் குனிந்து இன்னொரு செருப்பையும் மாட்டினாள். பையைத் தோளில் போட்டாள். போனை வாயருகே கொண்டுபோனாள்.

"அவரு கேட்டதுக்குப் பதில் சொல்லிருங்க சார்," என்று சொல்லிவிட்டு, போனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.